நெத்திலி குஞ்சு அல்ல, அதுவே முழு மீன்

"நெத்திலி தனி மீனா, இல்லை சாளை மாதிரி ஏதாவது பெரிய மீனின் குஞ்சா? கடலில் எங்கே இருக்கும், எத்தனை நாள் வாழும்? ஒரு வாரம் கரையோரம் குவிந்து கிடக்கிறது, அடுத்த வாரம் ஒன்றுகூட இல்லை, எங்கே போகிறது?" என்பது கேள்வி.

மூன்றும் தனித்தனிக் கேள்வி மாதிரி இருந்தாலும் விடை ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. நெத்திலி சிறியதாக இருப்பது இன்னும் வளராததால் அல்ல. அந்த அளவிலேயே அது வளர்ந்து, முட்டையிட்டு, வாழ்ந்து முடிக்கிறது. விரல் நீளப் பெண் நெத்திலி ஒன்றைக் கையில் எடுத்தால் அது பெரும்பாலும் பல முறை முட்டையிட்டுவிட்ட தாயாகவோ, இன்றிரவே முட்டையிட இருந்த தாயாகவோ இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் அது உண்பது, கூட்டமாகத் திரிவது, திடீரென்று மறைவது எல்லாமே புரியத் தொடங்கும்.

முதலில் பெயர் விஷயம். நெத்திலி என்பது ஒரே ஒரு இனத்தின் பெயர் அல்ல. என்கிராவுலிடே என்ற குடும்பத்தில் உலகம் முழுக்க 140-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் நாம் நெத்திலி என்று சொல்பவை பெரும்பாலும் இரண்டு பேரினங்களைச் சேர்ந்தவை: ஸ்டோலெஃபோரஸ், என்கிராசிகோலினா. இந்த இரண்டையும் நெடுநாள் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். 1980-களில்தான் பிரித்தார்கள். அதனால் பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் ஸ்டோலெஃபோரஸ் என்று எழுதியிருப்பது இன்றைய கணக்கில் வேறு பேரினத்து மீனாக இருக்கலாம். இதே குடும்பத்தில் பட்டையான உடலும் வயிற்றில் ரம்பம் மாதிரியான விளிம்பும் கொண்ட பொருவாவும் உண்டு. அதுவும் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான்.

ஒரு இனத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவது எளிது என்பதால் ஸ்டோலெஃபோரஸ் கொம்மெர்சோனீ என்பதை எடுத்துக்கொள்கிறேன். பிலிபெர் கொம்மெர்சோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரின் பெயர் அது. பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடற்பயணியின் தலைமையில் உலகைச் சுற்றிவந்த கப்பலில் போனவர், வழியில் மொரிஷியஸில் தங்கி, 1773-இல் அங்கேயே இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து லாசெபேத் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1803-இல் இந்த மீனை விவரித்தார். ஸ்டோலெஃபோரஸ் என்றால் கிரேக்கத்தில் 'அங்கவஸ்திரம் தரித்தது' என்ற பொருள் வரும். மீனின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் வெள்ளிப் பட்டையைப் பார்த்தவர் வைத்த பெயர். பொருத்தமான பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

புதிதாகப் பிடித்த ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பெரிய நெத்திலிகூட ஒரு சாணில் பாதி, அதாவது பத்து சென்டிமீட்டர் வாக்கில் நின்றுவிடும். உயிரோடு இருக்கும்போது உடல் கண்ணாடி மாதிரி. முதுகெலும்பின் நிழல் உள்ளே தெரியும். இறந்த சற்று நேரத்தில் தசை வெளுத்துப் பால் நிறமாகிவிடும். நமக்குப் பழக்கமான வெள்ளை நிறம் இறந்த மீனின் நிறம். செதில்கள் தொட்டாலே உதிரும். விரலில் மினுமினுப்பாக ஒட்டிக்கொள்வது அவைதான். பக்கவாட்டுப் பட்டையின் பளபளப்புக்குக் காரணம் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள். கண்ணாடித் துண்டுகளை அடுக்கியது போல அவை அடுக்கடுக்காக இருக்கும். சுற்றியிருக்கும் நீரின் ஒளியையே அவை திருப்பி அனுப்புவதால், பக்கத்திலிருந்து பார்க்கும் எதிரிக்கு மீன் இருக்குமிடத்தில் தண்ணீர் மட்டுமே தெரிகிறது.

அடுத்து தலையைப் பாருங்கள். மூக்கு வாயைத் தாண்டி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். வாய் அதற்குக் கீழே, உள்வாங்கினாற்போல இருக்கும். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போய்விடும். இந்த மூன்றையும் பார்த்தாலே சாளைக் குஞ்சா நெத்திலியா என்ற சந்தேகம் தீர்ந்துவிடும். சாளை, சூடை வகையறாக்களுக்கு வாய் சிறியது, தாடைகள் நுனியில் ஒன்றையொன்று சந்திக்கும், மூக்கு இப்படி நீட்டிக்கொண்டிருக்காது. குஞ்சாக இருந்தாலும் அப்படித்தான். எவ்வளவு வளர்ந்தாலும் ஒன்று மற்றொன்றாக மாறாது.

நெத்திலிக்குள்ளேயே இனம் பிரிப்பதுதான் சிரமம். கொம்மெர்சோனுடைய மீனுக்குப் பிடரியில் இரண்டு கருந்திட்டுகள் இருக்கும். அங்கிருந்து முதுகுத் துடுப்பின் தொடக்கம் வரை இரண்டு கருங்கோடுகள் ஓடும். அதன் மேல்தாடையின் பின்நுனி கூராக நீண்டு செவுள் மூடியின் முன்பகுதியைத் தாண்டும். இதோடு அடிக்கடி குழம்பும் ஸ்டோலெஃபோரஸ் இண்டிகஸுக்கு அந்த நுனி குட்டையாக இருக்கும். பேரினத்தைப் பிரிக்க அடித்துடுப்பு, அதாவது வாலுக்கு முன்னால் அடிப்பக்கத்தில் இருக்கும் துடுப்பு, எங்கே தொடங்குகிறது என்று பார்க்கலாம். ஸ்டோலெஃபோரஸில் அது முதுகுத் துடுப்புக்கு நேர் கீழேயே தொடங்கிவிடும். என்கிராசிகோலினாவில் முதுகுத் துடுப்பு முடிந்த பிறகு, அதற்குப் பின்னால் தொடங்கும். வயிற்றைத் தடவிப் பார்த்தால் முன்பகுதியில் ஊசி மாதிரிச் சில முட்கள் தட்டுப்படும், பின்பகுதி வழவழப்பாக இருக்கும். பொருவாவில் முன்னும் பின்னும் முள் வரிசை இருக்கும். இவ்வளவு போதும், கைக்கு வரும் பெரும்பாலான மீன்களைப் பிரித்துவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய நூல்கள் கொம்மெர்சோன் நெத்திலியை ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஹாங்காங், பப்புவா நியூ கினி வரை பரவிய ஒரே இனமாகக் காட்டும். கடந்த சில ஆண்டுகளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அருங்காட்சியகங்களில் இருக்கும் மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி அளந்து பார்த்ததில், அந்த ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடங்கியிருப்பது தெரிந்தது. ஆகவே ஓரிடத்தில் செய்த ஆய்வின் எண்களை இன்னோர் இடத்து மீனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

சரி, இது வாழும் இடத்துக்கு வருவோம். வெப்ப மண்டலக் கடலில் கரையை ஒட்டிய ஒரு குறுகலான பட்டைதான் இதன் வீடு. கரையிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரையுள்ள பகுதி அது. வளைகுடா, சேற்றுத்தரை, ஆறு கடலில் கலக்கும் கழிமுகம், அலையாத்திக் காடுகளுக்கு எதிரே இருக்கும் கலங்கல் நீர், இவையெல்லாம் அதற்குள் அடங்கும். தெளிந்த நீலக் கடல் நம் கண்ணுக்கு அழகு. ஆனால் வெப்ப மண்டலத்தில் நீலம் என்றால் பெரும்பாலும் பசிக்கடல் என்று பொருள். மேல்மட்ட நீர் வெதுவெதுப்பாகவும் லேசாகவும் இருப்பதால் ஆழத்திலுள்ள குளிர்ந்த, சத்து நிறைந்த நீரோடு அது கலப்பதில்லை. மேலே இருக்கும் சத்து தீர்ந்ததும், நீரோடு மிதந்து திரியும் மிகச் சிறிய மிதவை உயிரிகளும் குறைந்துவிடுகின்றன. கரையோரம் அப்படியல்ல. ஆறு வண்டலைக் கொண்டு வருகிறது, ஓதம் ஏறி இறங்கும்போது அடிச்சேறு கலங்குகிறது, அலையாத்தி இலை மக்குகிறது. ஆண்டு முழுக்க ஏதோ ஒரு வழியில் அந்தப் பட்டைக்கு உரம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. நெத்திலி கரையை ஒட்டி இருப்பதற்கு இதுதான் காரணம். கலங்கல் நீர் பெரிய மீன்களின் பார்வையை மறைப்பதும் கூடுதல் லாபம். குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்துபோவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. என்கிராசிகோலினா பங்டிஃபர் என்ற நெத்திலி கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலிலும் கிடைக்கும். ஒரே மாதிரி தோற்றம் கொண்ட இரண்டு சிறு மீன்களில் ஒன்று சேற்றுநீரையும் மற்றொன்று நீலக் கடலையும் தேர்ந்தெடுத்திருக்கின்றன. 'நெத்திலி எங்கே வாழும்' என்று பொதுவாகக் கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

உணவு பெரும்பாலும் மிதவை உயிரிகள். அதிலும் கோப்பிபாட் என்ற, இறால் சாதியைச் சேர்ந்த, குருணையைவிடச் சிறிய உயிரிதான் முக்கியமானது. நண்டு, இறாலின் குஞ்சுகள், சிப்பியின் குஞ்சுகள், மற்ற மீன்களின் முட்டைகள் ஆகியவற்றையும் விடாது. நெத்திலி வாயைத் திறந்துகொண்டு நீரை வடிகட்டி மட்டுமே உண்ணும் என்று பலர் நினைக்கிறார்கள். கலிஃபோர்னியக் கரையின் நெத்திலியைத் தொட்டியில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் அது இரண்டு விதமாகவும் உண்பது தெரிந்தது. இரை மிகச் சிறியதாக இருந்தால் வாயை அகலத் திறந்துகொண்டு நீந்தி வடிகட்டுகிறது. கொஞ்சம் பெரியதாக இருந்தால் ஒவ்வொன்றாகக் குறிபார்த்துக் கொத்துகிறது. வெப்ப மண்டலக் கரையோர நெத்திலிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில் இரை தேடுபவை.

கண்ணாடி மாதிரி இருக்கும் கோப்பிபாட்டை எப்படிக் குறிபார்ப்பது? இந்தக் குடும்பத்து மீன்களின் கண்ணில் நான் வியந்து பார்க்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளின் விழித்திரையில் ஒளியை வாங்கும் கூம்புச் செல்களுக்குள் சவ்வுகள் தட்டுகளை அடுக்கியது போல, ஒளி வரும் திசைக்குக் குறுக்காக இருக்கும். நெத்திலிக் குடும்பத்தில் பல கூம்புகளில் அந்த அடுக்கு திரும்பி, ஒளி வரும் திசையிலேயே நீளவாக்கில் நிற்கிறது. இப்படி நின்றால் ஒளி அதிரும் தளத்தை, அதாவது முனைவாக்கத்தை, கண்ணால் பிரித்தறிய முடியும். கோப்பிபாட் நிறமில்லாமல் இருந்தாலும் அதன் ஓடு வழியாகப் போகும் ஒளியின் முனைவாக்கம் மாறும். சுற்றியிருக்கும் நீரோடு ஒப்பிட்டால் அது தனித்துத் தெரியும். நமக்கு வெறும் தண்ணீராகத் தெரிவது அந்தச் சின்னக் கண்ணுக்கு இரை நிறைந்த இடமாகத் தெரிகிறது.

காதும் குறைந்ததல்ல. சாளை, நெத்திலி வகையறாக்களில் காற்றுப்பையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் முன்னால் போய் உள்காதை ஒட்டிய எலும்புக் குமிழில் முடிகிறது. காற்றுப்பையில் படும் அதிர்வு அந்த வழியாக நேரே காதுக்குப் போய்விடும். அமெரிக்கக் கரையோர நெத்திலி ஒன்றைச் சோதித்தபோது அது சுமார் 4,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டது. பெரும்பாலான மீன்களின் செவிப்புலன் இதற்கு வெகு கீழேயே நின்றுவிடும். உடலின் பக்கவாட்டில் மற்ற மீன்களுக்கு இருக்கும் உணர்கோடு இவற்றுக்கு இல்லை. அந்த வேலையைச் செய்யும் நுண்குழாய்கள் தலையிலும் செவுள் மூடியிலும் கிளைவிட்டுக் கிடக்கின்றன.

ஏன் இவ்வளவு கூர்மையான புலன்கள் என்றால், இதைத் தின்னாதவர்களே அந்தப் பட்டையில் இல்லை. பாரை, சீலா, கட்டா, வாளை, சூரை, கணவாய், ஓங்கில், வானிலிருந்து ஆலா. நெத்திலிக்கு எதிரியைக் குத்தி விரட்டும் அளவுக்கு முள் இல்லை, விஷம் இல்லை, ஒளிந்துகொள்ளப் பொந்தும் இல்லை. கூட்டம்தான் அதன் அரண். பகலில் நெருக்கமாக, பெரும்பாலும் கீழ்மட்டத்தில் திரளும். ஒன்று திரும்பினால் அடுத்தது திரும்பும், ஆயிரம் வெள்ளிப் பட்டைகள் ஒரே நேரத்தில் மின்னி அணையும், துரத்தும் மீனுக்கு எதைக் குறிவைப்பது என்று தெரியாமல் போகும். இருட்டியதும் கூட்டம் தளர்ந்து மேல்மட்டத்துக்கு வந்து பரவும். மிதவை உயிரிகளும் இரவில் மேலே வருபவைதான். விளக்கு வெளிச்சத்துக்கு நெத்திலி கூடுவதும் இந்த இரவு நேரப் பழக்கத்தோடு சேர்ந்தது.

அடுத்து இனப்பெருக்கம். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பெண் நெத்திலி தன் முட்டைகள் அனைத்தையும் ஒரே தடவையில் விடுவதில்லை. ஒரு தொகுதி முதிர்ந்து வெளியேறும்போது அடுத்த தொகுதி உள்ளே தயாராகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் இனத்தையும் உடல் அளவையும் பொறுத்துச் சில நூறு முதல் சில ஆயிரம் வரை முட்டைகள் வெளிவரும். முட்டையிடுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன் முதிர்ந்த முட்டைகள் நீரை உறிஞ்சிப் பருத்து, மங்கல் நீங்கிக் கண்ணாடியாகிவிடும். மாலையில் பிடித்த மீனின் சினைப்பையில் அப்படிப்பட்ட முட்டைகள் இருந்தால் அது அன்றிரவு முட்டையிட இருந்தது என்று பொருள். முட்டை வெளியேறியதும் அதை மூடியிருந்த உறை மடிந்து சுருங்கிச் சினைப்பையிலேயே ஓரிரு நாள் இருக்கும். அதை நுண்ணோக்கியில் பார்த்து, இந்த மீன் நேற்று முட்டையிட்டதா என்று சொல்லிவிடலாம். ஒரு கூட்டத்தில் எத்தனை பெண்களுக்கு அந்த அடையாளம் இருக்கிறது என்று எண்ணினால், எத்தனை நாளுக்கு ஒருமுறை முட்டையிடுகின்றன என்ற கணக்கு வந்துவிடும். 1980 வாக்கில் கலிஃபோர்னியாவில் உருவான முறை இது.

ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் நெஹு என்ற நெத்திலியை இப்படிப் பார்த்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன் அது. ஒரு பெண் ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை முட்டையிடுவதாகத் தெரிந்தது! குளிர்ந்த நீரில் வாழும் கலிஃபோர்னிய நெத்திலிக்கு அதே காரியத்துக்கு ஒரு வாரம் வாக்கில் ஆகிறது. உடல் கொழுப்பைச் சேர்த்து வைத்து ஒரு பருவத்தில் செலவழிக்கும் மீன் அல்ல நெஹு. இன்று தின்றதை நாளை மறுநாள் முட்டையாக்குகிறது. வெப்ப மண்டல நெத்திலிகள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி இப்படி முட்டையிட்டுக்கொண்டே இருக்கின்றன. சில மாதங்களில் அது உச்சத்தைத் தொடும்.

முட்டை உருண்டையாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். மீன் முட்டைகளில் இது அபூர்வம். பெரும்பாலான கடல் மீன்களின் மிதக்கும் முட்டைகள் உருண்டைதான். அதனால் மிதவை வலையில் வந்த மாதிரியை நுண்ணோக்கியில் வைத்தால் நெத்திலி முட்டையை உடனே அடையாளம் காணலாம். சில இனங்களில் ஒரு முனையில் சிறு குமிழ் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். ஜாவாக் கடலில் டெல்ஸ்மன் என்ற டச்சு ஆய்வாளர் 1920-களிலும் 1930-களிலும் இப்படி முட்டை முட்டையாகப் பார்த்து வரைந்து வைத்தவை இன்றும் பயன்படுகின்றன.

வெதுவெதுப்பான நீரில் முட்டை சுமார் ஒரு நாளிலேயே பொரிந்துவிடும். வெளிவருவது மீன் மாதிரியே இருக்காது. இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கண்ணாடி நூல், அதன் முன்பகுதியில் தொங்கும் மஞ்சள்கருப் பை. வாய் இன்னும் திறக்கவில்லை, கண்ணில் கருமை ஏறவில்லை. இரண்டு நாளில் கண் கறுக்கிறது, தாடை வேலை செய்யத் தொடங்குகிறது, மஞ்சள்கரு தீர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எதிரே கோப்பிபாட்டின் குஞ்சுகள் நெருக்கமாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஓரிரு நாளில் பட்டினியால் இறந்துவிடும். வெப்பம் கூடக்கூட இந்த அவகாசம் சுருங்கும், ஏனென்றால் உடல் எரிக்கும் வேகமும் கூடுகிறது. மொத்தக் கடலிலும் சராசரியாக எவ்வளவு உணவு இருக்கிறது என்பதால் இந்தக் குஞ்சுக்குப் பயன் இல்லை. அது அன்று நீந்தக்கூடிய சில சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. காற்று அடித்து நீர் கலங்கினால் நெருக்கமாக இருந்த உணவுத் திட்டு கலைந்துபோகும். அமைதியான நாட்களில் அது சேரும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை முட்டையிடுவதன் அர்த்தம் இங்கே விளங்கும். எந்த நாள் நல்ல நாள் என்று தாய்க்குத் தெரியாது. அதனால் எல்லா நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாக விதைக்கிறது.

குஞ்சுப் பருவத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. கலிஃபோர்னிய நெத்திலியின் குஞ்சுகள் இரவில் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிக் காற்றுப்பையை நிரப்பிக்கொள்கின்றன என்று 1976-இல் காட்டினார்கள். நிரம்பிய பையோடு நீந்தாமலே மிதக்கலாம், சக்தி மிச்சம். விடிந்ததும் காற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கும். இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் வரும்போது நூல் மாதிரி இருந்த உடல் பருத்து, வெள்ளிப் பட்டை தோன்றி, கூட்டத்தில் சேர்கிறது.

எவ்வளவு நாள் வாழும் என்ற கேள்விக்கு விடை மீனின் காதுக்குள் இருக்கிறது. தலைக்குள், மூளைக்குக் கீழே இருபுறமும் சுண்ணாம்பாலான சிறு கல் ஒன்று இருக்கும். செவிக்கல் என்று சொல்லலாம். நெத்திலியில் அது ஒரு கடுகளவு, சில சமயம் அதையும்விடச் சிறியது. மெல்லிய இடுக்கியால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மிக நைசான தாளில் நடுப்பகுதி தெரியும் வரை தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் மையமே போய்விடும், பல கற்கள் அப்படி வீணாகும். சரியாக வந்ததை நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் வளையங்கள் மாதிரி, ஆனால் நம்ப முடியாத நெருக்கத்தில், வெளுப்பும் கருப்புமாக வளையங்கள் தெரியும். 1971-இல் பன்னெல்லா என்ற ஆய்வாளர் இவை ஆண்டு வளையங்கள் அல்ல, நாள் வளையங்கள் என்று எடுத்துக்காட்டினார். ஒரு நாளுக்கு ஒன்று. நல்ல உணவு கிடைத்த நாட்களில் வளையம் அகலமாகவும், கெட்ட நாட்களில் ஒடுங்கியும் இருக்கும். ஒரு மீனின் வாழ்க்கையை நாள் நாளாக எண்ணிப் பார்ப்பது என்பது இதுதான்.

அப்படி எண்ணிப் பார்த்ததில் கிடைத்தது: பசிபிக் தீவுகளின் சிறிய நெத்திலிகள் மூன்று நான்கு மாதத்தில் முட்டையிடத் தயாராகிவிடுகின்றன. ஒரு வயதைத் தாண்டுவது அரிது. பெரிய இனங்கள் அதற்குச் சற்று மேலே போகலாம். நீளத்தை மட்டும் அளந்து வயதைக் கணிக்கும் பழைய முறையில் சில இனங்களுக்கு இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்றெல்லாம் வந்திருக்கிறது. ஆண்டு முழுக்க முட்டையிடும் மீனில் எந்த மீன் எந்த மாதத்துக் குஞ்சு என்று நீளத்தை வைத்துப் பிரிப்பது சிக்கல், அதனால் அந்தக் கணக்குகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. செவிக்கல் சொல்வதைத்தான் ஏற்கிறேன்.

இதை பெரு நாட்டு நெத்திலியோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அது குளிர்ந்த, சத்து பொங்கிவரும் நீரில் வாழ்கிறது, கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம் வளரும், மூன்றாண்டு வரை வாழும். ஒரே இனம், பிரம்மாண்டமான கூட்டம். 1970-இல் அதன் பிடிப்பு ஒரு கோடி டன்னைத் தாண்டியது. 1972-இல் எல் நினோ வந்து வெந்நீர் பரவியதும், ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்த கூட்டம் சரிந்துபோனது. வெப்ப மண்டலக் கரையோரத்தில் அப்படி ஒற்றைப் பெருங்கூட்டம் கிடையாது. பல இனங்கள், ஒவ்வொன்றும் தன் தன் வளைகுடாவிலும் கழிமுகத்திலும் சிறு சிறு கூட்டமாக. ஆண்டுக்குள் தலைமுறை மாறிவிடுவதால் ஒரு கெட்ட பருவத்திலிருந்து சீக்கிரம் மீளும். அதே காரணத்தால் சேமிப்பும் இல்லை. வயதான மீன்கள் என்று ஒரு கையிருப்பு அங்கே கிடையாது. ஒரு கழிமுகத்தின் நீர்வரத்து நின்றாலோ, அலையாத்தி அழிந்தாலோ, கரையோரக் கலங்கல் நீரில் மிதவை உயிரிகள் குறைந்தாலோ, அதன் விளைவு ஐந்தாறு மாதத்துக்குள் நெத்திலியில் தெரிந்துவிடும்.

கடைசியாக, காணாமல் போகும் விஷயம். பகல், இரவு என்று கூட்டம் சேர்ந்து கலைவதால் சில சமயம் அங்கேயே இருந்தும் கண்ணுக்குப் படாது. மழை வெள்ளம் வந்து கழிமுகம் நன்னீராகிவிட்டால் கொஞ்சம் வெளியே தள்ளிப் போகும். ஆனால் வாரக்கணக்கில், கடற்கரை நெடுக ஒரேயடியாக மறைவதற்கு வேறு காரணங்கள் உண்டு. அதற்கு நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் இந்தியாவின் தென்மேற்குக் கரை.

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் அந்தக் கரையில் மேல்நீர் விலகி, ஆழத்து நீர் மேலேறி வருகிறது. சத்து நிறைந்த நீர்தான். ஆனால் அதில் உயிர்வளி மிகக் குறைவு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கரையோரத் தரை முழுக்க அந்த மூச்சுமுட்டும் நீர் போர்த்திக்கொள்கிறது. மேலே மெல்லிய ஒரு படலம் மட்டும்தான் நல்ல நீர். பகலில் கீழே போய்த் திரளும் பழக்கமுள்ள மீனுக்கு அங்கே இடமில்லை. 1970-களில் கொச்சியைத் தளமாகக் கொண்டு ஐ.நா. உதவியோடு நடந்த மீன்வள ஆய்வுத் திட்டத்தில், கப்பல்கள் எதிரொலிக் கருவியோடு இந்தக் கரையில் மாதந்தோறும் மேலும் கீழும் போய்வந்தன. கருவியில் பதிந்த நெத்திலிக் கூட்டங்களை மாதவாரியாகக் கோத்துப் பார்த்தபோது அவற்றின் பாதை தெரிந்தது. பருவமழைக் காலத்தில் அவை கரையை ஒட்டித் தெற்கே நகர்கின்றன. குமரி முனையைச் சுற்றி மன்னார் வளைகுடாப் பக்கம் பெரும் கூட்டமாகச் சேர்கின்றன. அங்கே அந்த மாதங்களில் நீர் இவ்வளவு மோசமாவதில்லை.

அவற்றின் வாழ்நாளோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய பயணம். ஓராண்டுகூட முழுதாக வாழாத மீன் இரண்டு மூன்று மாதத்தை இதில் செலவழிக்கிறது. போன மீன்களில் எத்தனையோ வழியிலேயே இரையாகின்றன. மீதி மீன்கள் தெற்கே இருக்கும் காலத்திலும் முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. அக்டோபர் வாக்கில் காற்று மாறி, ஆழத்து நீர் வடிந்து, தரைக்கு மறுபடி உயிர்வளி வரும்போது கூட்டங்கள் வடக்கே திரும்புகின்றன. பருவக்காற்றுக் கிளறிவிட்ட சத்தில் மிதவை உயிரிகள் அப்போது அங்கே செழித்திருக்கும். திரும்பிவரும் கூட்டத்தில் ஒரு மீனை எடுத்துச் செவிக்கல்லைத் தேய்த்துப் பார்த்தால், அது பெரும்பாலும் சில மாதங்களுக்கு முன்புதான் பொரிந்திருக்கும். அந்தக் கரையை அது பார்ப்பது முதல் தடவையாகக்கூட இருக்கலாம்.